டூர் நோட்டீஸில் சொல்லாத 28 அங்குலம்

முதல்லயே சொல்லிடறேன். இது டூர் கம்பெனிகளைத் திட்டுற பதிவு இல்லை. விமானக் கம்பெனிகளைத் திட்டுற பதிவும் இல்லை (கொஞ்சம் திட்டு இருக்கும், கண்டுக்காதீங்க). பணம் கட்டுறவங்க கேட்க வேண்டிய கேள்வியை யாருமே கேட்கறதில்லையேங்கற ஆதங்கம்தான் இது.

எங்க மாரண்டஹள்ளியில டூர் நோட்டீஸ் ஒட்டாத சுவரு இப்ப கம்மி. மலேசியா - சிங்கப்பூர், தாய்லாந்து, துபாய், காசி - அயோத்தி. முன்னெல்லாம் விமானம் ஏறினவங்கன்னா ராணுவத்துல இருந்தவங்களும் வளைகுடாவுக்கு வேலைக்குப் போனவங்களும்தான். இப்ப தக்காளி போடறவங்க, பட்டுக்கூடு போடறவங்க, ரிடையர் ஆன வாத்தியாருங்கன்னு அறுபது வயசுக்கு மேல முதல் பாஸ்போர்ட் எடுக்கறாங்க. 2023 டிசம்பர்ல இந்தியர்களுக்கு விசா வேண்டாம்னு மலேசியா கதவைத் திறந்த பிறகு இது இன்னும் ஜாஸ்தி. மனசாரச் சொல்றேன், சந்தோஷமான விஷயம்.

ஆனா அந்த நோட்டீஸை ஒருதரம் உத்துப் படிச்சுப் பாருங்க. ஹோட்டல் எத்தனை ஸ்டார்னு இருக்கும். மூணு வேளையும் தென்னிந்திய சாப்பாடுன்னு இருக்கும். பஸ் ஏசியா, கைடு தமிழ் பேசுவாரா, எல்லாம் இருக்கும். விமானத்தைப் பத்தி மட்டும் ஒரே ஒரு வார்த்தை: "விமானக் கட்டணம் உட்பட". எந்த விமானம்? எத்தனை மணிக்கு? எத்தனை கிலோ லக்கேஜ்? புருஷன் பொண்டாட்டி பக்கத்துப் பக்கத்துல உட்காருவாங்களா? மூச்!

நம்ம சீட்டு யார் கையில இருக்கு?

தனியா டிக்கெட் போடறப்ப நாம விமானக் கம்பெனிக்கு நேரடி வாடிக்கையாளர். பேக்கேஜ்ல அப்படி இல்லை. பொதுவா பத்துப் பேருக்கு மேல போனா குரூப் கட்டணம்னு ஒண்ணு உண்டு. டூர்காரர் மொத்தமா வாங்குவார். விலை குறையும், கூடவே உரிமையும் குறையும். பேர் மாத்த, தேதி மாத்த, ரத்து பண்ண எல்லாத்துக்கும் கெடுபிடி. ஜன்னல் சீட்டு, முன்வரிசை, கால் நீட்டுற சீட்டு எல்லாத்தையும் தனித்தனியாக் காசு வெச்சு மத்தவங்களுக்கு வித்துடுவாங்க. மிச்சம் இருக்கிற நடு சீட்டும் கடைசி வரிசையும் கம்ப்யூட்டர் இஷ்டப்படி நம்ம குரூப்புக்கு விழும்.

எங்க தெருவுலேர்ந்து போன ஒரு குரூப்ல நடந்தது இது. கோலாலம்பூருக்கு ராத்திரி விமானம். 67 வயசு அம்மா கடைசிக்கு முந்தின வரிசையில, ரெண்டு வெளியூர்க்காரங்களுக்கு நடுவுல. மகள் எட்டாவது வரிசையில. அந்தம்மாவுக்குத் தமிழ் தவிர வேற பாஷை தெரியாது. பாத்ரூம் போகணும்னா ஓரத்துல தூங்கறவரை எப்படி எழுப்பறது, என்னன்னு சொல்றதுன்னு தெரியாம, நாலு மணி நேரமும் தண்ணி குடிக்காமலேயே உட்கார்ந்து போயிருக்காங்க. இறங்கறப்ப ரெண்டு காலும் வீங்கிப் போச்சு. முதல் நாள் பத்துமலையில அத்தனை பேரும் படி ஏற, இவங்க மட்டும் கீழ பஸ்ஸுல. நாப்பது வருஷமா முருகனுக்கு விரதம் இருக்கறவங்க!

"கால் வீங்கினா என்னப்பா, சரியாயிடும்"னு சொல்றவங்களுக்கு: நாலு மணி நேரத்துக்கு மேல அசையாம உட்கார்ந்து பயணம் பண்ணினா கால் நரம்புல ரத்தம் உறையற ஆபத்து ஏறக்குறைய ரெண்டு மடங்காகும்னு உலக சுகாதார நிறுவனம் 2007-லேயே ஆய்வு வெளியிட்டிருக்கு. ஆபத்து ரொம்பச் சின்னதுதான், சுமார் ஆறாயிரம் பேர்ல ஒருத்தருக்கு. ஆனா வயசு, உடல் பருமன், முன்னாடி உறைஞ்ச அனுபவம் எல்லாம் சேர்ந்தா கூடும். அதுக்கு மருந்து, அப்பப்ப எழுந்து நடக்கறதும் காலை ஆட்டறதும்தான். நடு சீட்டுல மாட்டிக்கிட்ட பாஷை தெரியாத பாட்டி எங்கேர்ந்து எழுந்து நடக்கறது?

ஒரு அங்குலத்துக்கு என்ன விலை?

சீட்டு இடைவெளியை 'பிட்ச்'னு சொல்றாங்க. ஒரு சீட்டோட ஒரு இடத்துலேர்ந்து முன்சீட்டோட அதே இடம் வரைக்கும் உள்ள தூரம். அதாவது சீட்டோட கனமும் சேர்த்துதான். முழுசும் நம்ம முழங்காலுக்கு இல்லை. மலிவுக் கட்டண விமானங்கள்ல இது 28, 29 அங்குலம் வரைக்கும் இறங்கியிருக்கு. 28 அங்குலம்னா 71 சென்டிமீட்டர்.

ஏன் குறைக்கறாங்க? சின்னக் கணக்குதான். 30 வரிசை, ஒவ்வொண்ணும் 30 அங்குலம்னா 900 அங்குலம். ஆளுக்கு ஒரே ஒரு அங்குலம் பிடிச்சுக்கிட்டா, 29 அங்குலத்துல 31 வரிசை போட்டுடலாம், 899 அங்குலம். ஒரு வரிசைக்கு ஆறு சீட்டு. ஒரு நாளைக்கு ஆறு தடவை பறந்தா 36 டிக்கெட் கூடுதல். முன்ன 180 சீட்டோட பறந்த ஏர்பஸ் ஏ320-ல இப்ப 186 சர்வ சாதாரணம். நீளத்துல மட்டுமில்ல, அகலத்துலயும் இதே கதை. ஏ330 மாதிரி பெரிய விமானத்துல வழக்கமா வரிசைக்கு எட்டு சீட்டு. ஏர்ஏசியா எக்ஸ் அதுல ஒன்பது போட்டு 377 பேரை ஏத்தினாங்க.

வியாபாரம், தப்புன்னு சொல்ல மாட்டேன். நம்ம ஊர் மினி பஸ்ஸுலயும் இதே கணக்குதான். ஆனா மினி பஸ்ஸுல சௌகரியப்படலைன்னா அடுத்த ஸ்டாப்புல இறங்கிக்கலாம். :-)

இது சொகுசுப் பிரச்சினையா?

"அஞ்சு மணி நேரம் அட்ஜஸ்ட் பண்ண முடியாதா?"ங்கறது எல்லாரும் கேட்கற கேள்வி. சொகுசு மட்டும்னா அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம். ஆனா இதுல உயிரும் இருக்கு.

1985 ஆகஸ்ட் 22. இங்கிலாந்தின் மான்செஸ்டர்லேர்ந்து கிரேக்கத் தீவு கோர்ஃபுவுக்கு விடுமுறைப் பயணிகளோட பிரிட்டிஷ் ஏர்டூர்ஸ் விமானம் கிளம்புச்சு. ஓடுபாதையில ஓடறப்பவே இன்ஜின்ல வெடிப்பு, தீ. விமானம் பறக்கவே இல்லை, தரையிலதான் நின்னுச்சு. இருந்தும் உள்ளே இருந்த 137 பேர்ல 55 பேர் இறந்துட்டாங்க, பெரும்பாலும் புகையில. இறக்கை மேல இருக்கிற அவசர வழிக்குப் போற இடம் குறுகலா இருந்தது விசாரணையில பெரிய விஷயமா வந்துச்சு. அதுக்கப்புறம்தான் அந்த வழியை அகலப்படுத்தினது, தரையில வழிகாட்டும் விளக்கு, தீப்பிடிக்கத் தாமதமாகும் சீட்டு உறை எல்லாம். 1989-ல பிரிட்டிஷ் விமானத் துறை ஒரு விதி போட்டுச்சு: சீட்டு முதுகுக்கும் முன்சீட்டுக்கும் நடுவுல குறைஞ்சது 26 அங்குலம் இருக்கணும். அவங்க அங்குலக் கணக்கு பாக்க ஆரம்பிச்சது 55 பிணத்தைப் பார்த்த பிறகு.

அமெரிக்காவுல 2018-ல பார்லிமென்ட்டே சட்டம் போட்டு, சீட்டுக்குக் குறைந்தபட்ச அளவு நிர்ணயிங்கன்னு அவங்க விமானத் துறைக்கு (எஃப்ஏஏ) சொல்லுச்சு. அவங்க 2019 கடைசியில ஓக்லஹோமா நகரத்துல ஆட்களை உட்கார வெச்சு, அவசரமா வெளியேத்திப் பார்த்தாங்க. 28 அங்குலம் ஒண்ணும் பிரச்சினை இல்லைன்னு முடிவு வந்துச்சு. சரி, யாரை வெச்சுப் பார்த்தாங்க? 18 வயசுலேர்ந்து 60 வயசுக்குள்ள, உடம்பு நல்லா இருக்கறவங்களை!

நம்ம டூர் குரூப்பை இப்ப மனசுல ஓட்டிப் பாருங்க. பாதிப் பேருக்கு அறுபதுக்கு மேல. நாலு பேருக்கு மூட்டு வலி. ரெண்டு பேருக்கு சர்க்கரை. விமானத்தைத் தொண்ணூறு செகண்டுல காலி பண்ண முடியும்னு காட்டித்தான் தயாரிப்பாளர்கள் அனுமதி வாங்கறாங்க. அந்தத் தொண்ணூறு செகண்டுல எங்க தெரு அம்மா இங்கிலீஷ், இந்தி அறிவிப்பைப் புரிஞ்சுக்கிட்டு, ரெண்டு பேரைத் தாண்டி, எந்தப் பக்கம் ஓடறதுன்னு முடிவு பண்ணணும். அவங்க பக்கத்துல மகள் இருந்தா கையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டு ஓடும். குடும்பத்தைச் சேர்த்து உட்கார வைங்கன்னு நான் கேட்கறது கொஞ்சிக் குலாவ இல்லை, இதுக்குத்தான்.

நம்ம டிஜிசிஏ 2024 ஏப்ரல்ல ஒரு நல்ல காரியம் பண்ணுச்சு. ஒரே பிஎன்ஆர்-ல போற 12 வயசு வரைக்குமான குழந்தைங்களுக்கு அப்பா, அம்மா அல்லது கார்டியன் யாராவது ஒருத்தர் பக்கத்துல சீட்டு கொடுத்தே ஆகணும்னு உத்தரவு. அதே நியாயம் 65 தாண்டினவங்களுக்கும் ஏன் வரக்கூடாது? குழந்தைக்காவது வாய் விட்டு அழத் தெரியும்.

அந்தப் பக்கத்து நியாயம்

நேர்மையா அதையும் சொல்லணும். சீட்டை நெருக்கினதாலதான் டிக்கெட் விலை இறங்குச்சு. 1950-ல லண்டன்லேர்ந்து கோர்சிகா தீவுக்கு முதல் பேக்கேஜ் விமானம் விட்ட விளாடிமிர் ரைட்ஸ் பண்ணினதும் அதே தந்திரம்தான்: விமானத்தை மொத்தமா வாடகைக்கு எடு, முழுசா நிரப்பு, 32 பவுண்ட் 10 ஷில்லிங்குக்கு வாத்தியார்களும் நர்ஸுகளும்கூட வெளிநாடு போகட்டும். நெருக்கம் இல்லைன்னா எங்க ஊர்க்காரங்க இன்னும் அண்ணாந்துதான் விமானத்தைப் பார்த்துக்கிட்டு இருப்பாங்க. 34 அங்குலம் கொடுன்னு கேட்டா டிக்கெட் ஏறும், பத்துப் பேர் வீட்டுலயே நின்னுடுவாங்க. அதனால நான் அதைக் கேட்கலை. இருக்கறதைச் சொல்லிட்டு விற்கச் சொல்றேன். ஹோட்டலுக்கு ஸ்டார் போடத் தெரிஞ்ச நோட்டீஸ்ல விமானத்துக்கு நாலு வரி போட ஒரு பைசா செலவு இல்லை.

விதிகளும் நமக்குத் தெரியாமலேயே கிடக்குது. விமானம் குறிப்பிட்ட நேரத்துக்கு மேல தாமதமானா (பயண நேரத்தைப் பொறுத்து 2 முதல் 4 மணி நேரம்) சாப்பாடு தரணும். ஆறு மணி நேரத்துக்கு மேல தாமதம்னா மாற்று விமானம் அல்லது முழுப் பணம். இது பேக்கேஜ்ல போறவங்களுக்கும் உண்டு, டூர்காரர் தயவு இல்லை.

ஆனா விமானம் ரத்தானா கதை வேற. 2025 டிசம்பர் முதல் வாரம் இண்டிகோ ஒரே நாள்ல ஆயிரம் விமானத்துக்கு மேல ரத்து பண்ணினது ஞாபகம் இருக்கும். டிக்கெட் பணம் திரும்பும். அங்க கட்டின ஹோட்டல், பஸ், பார்க் டிக்கெட்? பிரிட்டன்ல பேக்கேஜ் வித்தவரேதான் முழுப் பயணத்துக்கும் பொறுப்பு. 2019-ல அங்க தாமஸ் குக் திவாலானப்ப, சுமார் ஒண்ணரை லட்சம் பேரை அரசாங்கமே ஏற்பாடு பண்ணி ஊருக்குக் கொண்டு வந்துச்சு (இந்தியாவுல அதே பேர்ல இருக்கறது வேற கம்பெனி). நமக்கு அப்படிப்பட்ட ஏற்பாடு இல்லை. நுகர்வோர் ஆணையம்தான் வழி. ஒரு நல்ல சேதி: 2019 சட்டப்படி நாம குடியிருக்கிற மாவட்டத்துலயே வழக்கு போடலாம். கம்பெனி பெங்களூருல இருந்தாலும் சரி, தர்மபுரிக்கு வரவழைக்கலாம். அஞ்சு லட்சம் வரைக்கும் கட்டணமும் கிடையாது. ஆனா வழக்குக்குக் காகிதம் வேணும். வாய்ச்சொல் செல்லாது.

அட்வான்ஸ் கட்டறதுக்கு முன்னாடி

கீழ இருக்கறதை எழுத்துல கேளுங்க, வாட்ஸ்அப்ல வந்தாலும் போதும்:

1. எந்த விமானம், கிளம்பற நேரம், இறங்கற நேரம். நடுராத்திரி விமானம்னா ராயக்கோட்டை, ஓசூர் வழியா தேவனஹள்ளி போக முந்தின நாள் சாயங்காலமே கிளம்பணும். '6 நாள்'ல ஒரு நாள் அங்கேயே காலி. (ஓசூர்ல சர்வதேச விமான நிலையம்னு 2024 ஜூன்ல சட்டசபையில அறிவிச்சாங்க. வரட்டும், பார்ப்போம்.)

2. சீட்டு பிட்ச் எத்தனை அங்குலம். டூர்காரருக்குத் தெரியாதுன்னா விசாரிச்சுச் சொல்லட்டும்.

3. வயசானவங்க பக்கத்துல குடும்பத்துல ஒருத்தர். சீட்டுக்குக் கூடுதல் காசுன்னா எவ்வளவுன்னு முன்னாடியே சொல்லட்டும். கொடுத்துடுங்க. அங்க வாங்கற ரெண்டு டப்பா சாக்லேட் காசுதான்.

4. வீல்சேர். நடக்கச் சிரமப்படறவங்களுக்கு 48 மணி நேரம் முன்னாடியே பதிவு பண்ணணும். 2024 பிப்ரவரியில மும்பையில வீல்சேர் கிடைக்காம நடந்து போன 80 வயசுப் பயணி இறந்துபோனார், ஏர் இந்தியாவுக்கு டிஜிசிஏ 30 லட்சம் அபராதம் போட்டுச்சு. அபராதத்தால அந்த உயிர் திரும்பலை.

5. லக்கேஜ் எத்தனை கிலோ, போக எவ்வளவு, வர எவ்வளவு.

ஒருத்தர் கேட்டா "இவன் ஒரு வில்லங்கம்"பாங்க. குரூப்ல இருக்கிற இருபது பேரும் கேட்டா, அடுத்த தடவை நோட்டீஸ்லயே அச்சாகி வரும். சாப்பாடு தென்னிந்தியமான்னு நாம கேட்டுக் கேட்டுத்தானே அந்த வரி நோட்டீஸ்ல ஏறுச்சு?

பி.கு: தென்னந்தோப்புக்காரங்க கவனத்துக்கு. கொப்பரைத் தேங்காய் கைப்பையிலயும் கூடாது, பெட்டியிலயும் கூடாது. எண்ணெய்ப் பசை, சட்டுனு தீப்பிடிக்கும். பவர்பேங்க் பெட்டியில கூடாது, கைப்பையில மட்டும். வெளிநாட்டு விமானத்துல கைப்பையில நெய், எண்ணெய் 100 மில்லிக்கு மேல விடமாட்டாங்க. மருமகளுக்குன்னு காய்ச்சின நெய்யைக் குப்பைத் தொட்டியில போட்டுட்டு அழறதைக் கண்ணால பார்த்திருக்கேன். பெட்டியில வெச்சுடுங்க, புண்ணியமாப் போகும்.