உங்க நாய்க்கு சோத்துக்கை எது? 'ஷேக் ஹேண்ட்' பதில் சொல்லாது!

சின்னசேலமோ சென்னையோ, நாய் வளர்க்கிற வீட்டுக்கு விருந்தாளி வந்தால் இந்தக் காட்சி உறுதி. 'ஷேக் ஹேண்ட் குடு' என்றதும் நாய் ஒரு காலை நீட்டும். 'பாருங்க, நம்ம ஆளு ரைட் ஹேண்ட்' என்று ஓனருக்குப் பெருமை தாங்காது. ஆனால் அது நாயின் விருப்பம் இல்லை, ட்ரெய்னிங். எந்தக் காலைத் தூக்கியபோது பிஸ்கட் கிடைத்ததோ, அந்தக் கால்தான் வரும்.

சரி, நாய்களுக்கு நிஜமாகவே இடது, வலது உண்டா? உண்டு. பிரிட்டனின் லிங்கன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021-ல் வெளியிட்ட ஆய்வில் 17,901 நாய்கள். குழாய்க்குள் இருக்கும் தீனியை எந்தக் காலால் எடுக்கின்றன என்று பார்த்தார்கள். 74 சதவீத நாய்களுக்கு ஏதோ ஒரு கால் மீது சாய்வு இருந்தது. அவற்றில் 58.3 சதவீதம் வலது. மீதி, அதாவது பத்துக்கு நாலு, இடது!

வீட்டிலேயே பார்க்கலாம். போர்வெல் வேலையில் மிஞ்சிய பிவிசி பைப் துண்டு போதும். கால் நுழையணும், மூக்கு நுழையக் கூடாது, அதுதான் அளவு. வெட்டிய விளிம்பைத் தேய்த்துவிட்டு, தரையோடு அசையாமல் கட்டி, உள்ளே தீனி வையுங்கள். பைப்பும் நீங்களும் நாய்க்கு நேர் எதிரே இருப்பது முக்கியம். ஒரு பக்கமாக உட்கார்ந்தால் அந்தப் பக்கத்துக் கால்தான் வரும். ஒரே நாளில் படுத்தாமல், சில நாட்களில் 50 முறை எண்ணுங்கள். ஒரே கால் 33 முறையாவது வந்தால் அது பழக்கம். 28-க்கு 22 என்றால் காசு சுண்டிவிட்டதற்குச் சமம், எதுவும் சொல்ல முடியாது. மூன்று தடவை பார்த்துவிட்டு ரீல்ஸ் போடுவதெல்லாம் சும்மா. இன்னொரு விஷயம், ஒரு சோதனையில் 'இடது' ஆன நாய் வேறு சோதனையில் 'வலது' ஆகலாம்.

சிக்கல் இதற்குப் பிறகுதான். பெல்ஃபாஸ்ட் குயின்ஸ் பல்கலைக்கழகத்தின் 2017 ஆய்வு ஒன்றில், தீனி இருக்குமா இல்லையா என்று தெரியாத கிண்ணத்தை நோக்கி இடதுகால் நாய்கள் மெதுவாகவே போயின. சில பத்து நாய்களை வைத்து நடந்த ஆய்வு அது. அதைப் பிடித்துக்கொண்டு 'இடதுகால் நாய் மூடி டைப்' என்று முத்திரை குத்துவது அநியாயம்.

நம்ம ஊருக்கு இந்த முத்திரை புதுசில்லை. 'பீச்சாங்கையால வாங்காத', 'சோத்துக்கையால எழுது' என்று அதட்டியே எத்தனை பிள்ளைகளின் கையை மாற்றியிருக்கிறோம்? மனிதர்களில் இடதுகைக்காரர்கள் பத்துக்கு ஒருவர்தான். அதற்கு அடிப்படை மூளையின் அமைப்பு என்றாலும், அந்த ஒருவரையும் நாம் விட்டு வைப்பதில்லை. நாயிடம் ஐம்பது முறை பொறுமையாக எண்ணும் வீட்டில், பென்சிலை இடது கையில் பிடிக்கிற குழந்தைக்கு மட்டும் அடி எதற்கு?

கடைசியாக ஒன்று: பஸ் ஸ்டாண்ட் நாயிடம் பைப் பரிசோதனை வேண்டாம். தூர நின்று, எழுந்து நடக்கும்போது எந்த முன்னங்கால் முதலில் வருகிறது என்று பார்க்கலாம். கடித்தாலோ, நகம் கீறினாலோ உடனே சோப்பு போட்டு 15 நிமிடம் ஓடும் நீரில் கழுவி, ரேபிஸ் ஊசிக்கு அரசு மருத்துவமனை போங்கள்.