ஆயுபோவன் மட்டும் காணாது

வெளிநாட்டுக்குப் பயணம் போகிறவர் அந்த நாட்டு மொழியில் நாலு வார்த்தையாவது பழகிக்கொண்டு போகவேண்டும் என்பது பயணக் கையேடுகள் வழமையாகச் சொல்லும் புத்திமதி. நல்ல புத்திமதிதான். இலங்கைக்கு வருகின்ற வெள்ளைக்காரர்களில் பலர் அதைக் கடைப்பிடிக்கவும் செய்கிறார்கள். ‘ஆயுபோவன்’ என்று கைகூப்புகிறார்கள். ‘இஸ்துதி’ என்று நன்றி சொல்கிறார்கள். என்னுடைய பிணக்கு அவர்களோடு அல்ல. ‘அந்த நாட்டு மொழி’ என்று ஒருமையில் சொல்லிக்கொடுத்தவர்களோடுதான்.

நாட்டுக்கு ஒரு மொழி என்பது பல இடங்களில் பொய்த்துப்போன கணக்கு. சூரிச்சில் வாழும் நம்மவர்களைக் கேட்டுப்பாருங்கள். ஜெனீவாவுக்குப் போனால் ஜேர்மன் மொழியில் காலை வணக்கம் சொல்ல அவர்கள் முனைவதில்லை. பார்சிலோனாவுக்குப் போகிறவர்கள் கத்தலான் மொழியிலும் இரண்டு சொற்களைத் தேடி வைத்துக்கொள்கிறார்கள். ஐரோப்பாவில் இவ்வளவு நுணுக்கம் பார்க்கின்ற அதே பயணி, கட்டுநாயக்கவில் இறங்கியதும் தீவு முழுவதற்கும் ஒரே வணக்கம் போதும் என்று நம்பிவிடுகிறார். நம்பவைக்கப்படுகிறார் என்பதே பொருந்தும்.

நீண்ட ஆயுள் பெறுக என்று வாழ்த்துகின்ற அழகான சொல் ஆயுபோவன். அதன்மீது எனக்கு எந்தக் காய்ச்சலும் இல்லை. ஆனால் விளம்பரத்திலும் விருந்தக வாசலிலும் நினைவுப்பொருள் கடையிலும் இலங்கையின் குரலாக அதை மட்டுமே முன்னிறுத்துவது வேறு விடயம். 1956 இல் சிங்களம் மட்டும் என்று சட்டம் செய்தார்கள். 1987 இல் அரசியலமைப்பின் 13 ஆவது திருத்தத்தினால் தமிழும் அரசகரும மொழியாயிற்று. அந்த ‘உம்’ சட்டப் புத்தகத்தில் ஏறி இத்தனை வருடங்களாகியும், உல்லாசப் பயணத்துறையின் வரவேற்பில் இன்னும் வாசலோரத்தில்தான் நிற்கிறது. தமிழ்ச் சொற்களுக்கும் இடம் ஒதுக்கும் கையேடுகள் சில உண்டு என்பதைச் சொல்லாமல் விட்டால் அநியாயம். அவற்றை எழுதியவர்கள் வெளிநாட்டார்.

மலையகப் புகையிரதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கண்டியில் ஏறி எல்லவில் இறங்கும் வரைக்கும் உல்லாசப் பயணிகள் கதவில் தொங்கியபடி படமெடுக்கிறார்கள். இடையில் வருவது ஹட்டன், தலவாக்கலை, நானுஓயா. நுவரெலியா மாவட்டத்தின் சனத்தொகையில் பெரும்பான்மையினர் தமிழர் என்பதை அந்தப் பெட்டியில் இருக்கும் எத்தனை பேருக்கு யார் சொல்லியிருப்பார்கள்? பிறகு தோட்டத்துக்குள் வந்து, கொழுந்துக் கூடையோடு நிற்கும் பெண்ணைச் சிரிக்கச்சொல்லிப் படமெடுத்துவிட்டு, வழிகாட்டி பழக்கிய ‘இஸ்துதி’யைச் சொல்லிவிட்டுப் போகிறார்கள். அந்தப் பெண்ணின் பூட்டன் பூட்டிமார் 19 ஆம் நூற்றாண்டில் சென்னை மாகாணத்திலிருந்து வந்து முதலில் கோப்பிக்கும் பிறகு தேயிலைக்கும் காடு வெட்டியவர்கள். 1948 இன் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களின் சந்ததியை நாடற்றவர்களாக்கியது. எஞ்சியிருந்தோருக்குப் பிரஜாவுரிமை வழங்கும் சட்டம் வருவதற்கு 2003 ஆயிற்று. இவ்வளவுக்கும் நடுவில் கைவிடாமல் வைத்திருந்தது தமிழை. இலங்கைத் தேயிலையின் முகமாக அவருடைய படம் உலகமெங்கும் போகிறது. ‘நன்றி அம்மா’ என்ற இரண்டு சொற்கள் மாத்திரம் அவரிடம் வந்து சேருவதில்லை.

ஆங்கிலம் இருக்கிறதே, இதெல்லாம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. விருந்தக வரவேற்பு மேசைக்கு ஆங்கிலம் போதும். அறுகம்குடாவில் அலைச்சறுக்கு விளையாட வருகிறவர், பொத்துவில் மீனவரிடம் மீன் விலை கேட்கும்போது? (அங்கே வணக்கத்தைவிட ஸலாம் பொருத்தம். ஆனால் பேசுமொழி தமிழ்தான்.)

உள்நாட்டுப் பயணிகளையும் விடுவதற்கில்லை. 2009 இல் யுத்தம் முடிந்து ஏ-9 வீதி திறந்ததிலிருந்து தென்னிலங்கை மக்கள் பஸ் பஸ்ஸாக வடக்குக்கு வருகிறார்கள். வரட்டும், நல்லது. நயினாதீவுக்குப் படகேறும் குறிகட்டுவானில், ‘கீயத’ என்று கேட்பவருக்குச் சிங்களத்திலேயே விலை சொல்ல நம் கடைக்காரர் பழகிவிட்டார். ‘எவ்வளவு’ என்ற ஒற்றைச் சொல்லை மறுபக்கத்திலிருந்து எதிர்பார்ப்பது பேராசையா? காலிக்குப் போகும் யாழ்ப்பாணத்தவர் ‘கீயத’ என்றுதான் கேட்கிறார். அவர் எந்தக் காலத்திலும் அதற்குச் சலுகை எதிர்பார்த்ததில்லை.

வணக்கம், நன்றி, எவ்வளவு. இவற்றோடு யாழ்ப்பாணத்துக்கு வருகிறவர்களுக்கு நான் சிபாரிசு செய்யும் சொல் ‘காணும்’. தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்களும் இதைப் புதிதாகத்தான் பழகவேண்டியிருக்கும். அவர்களுடைய ‘போதும்’ எங்களுக்குக் ‘காணும்’. இந்தச் சொல் தெரியாதவர் எங்கள் வீடுகளில் சாப்பாட்டுக்கு உட்காருவது ஆபத்து.

இந்த ஆபத்து வெள்ளைக்காரருக்கு மட்டும் உரியதல்ல. கோடை விடுமுறையில் லண்டனிலிருந்தும் ரொறன்ரோவிலிருந்தும் நல்லூர்த் திருவிழாவுக்கு வரும் நம் பிள்ளைகளைப் பார்க்கிறேன். பாரிஸுக்குச் சுற்றுலா போனபோது ‘மெர்ஸி’ என்று சொல்லப் பழக்கிய அதே பெற்றோர்தான் இங்கேயும் கூட்டிவருகிறார்கள். அம்மம்மா மூன்றாம் தரமும் புட்டு வைக்கிறார். பிள்ளை தாயைத் திரும்பிப் பார்த்து ஆங்கிலத்தில் முறையிடுகிறது. தாய் அதை மொழிபெயர்க்கிறார். லண்டனிலிருந்து கொழும்புக்கு நேர் விமானத்தில் ஏறத்தாழ 11 மணித்தியாலம். அந்த ஒரு சொல்லைச் சொல்லிக்கொடுக்க அதில் நேரம் கிடைக்கவில்லையாம்.