'நமக்கு உதவுவோர்' பாடத்தில் நாம் எங்கே?

நம் சங்க உறுப்பினர் ஒருவரின் மகள் இரண்டாம் வகுப்புப் படிக்கிறாள். 'நமக்கு உதவுவோர்' என்ற தலைப்பில் படம் ஒட்டி வரச் சொல்லியிருக்கிறார்கள். மருத்துவர், காவலர், தபால்காரர், தீயணைப்பு வீரர், தூய்மைப் பணியாளர் என்று குழந்தை அழகாக ஒட்டிவிட்டாள். "ஏம்மா, காலையிலே அஞ்சு மணிக்குக் கடை திறக்கிற அப்பா இதுலே வரமாட்டேனா?" என்று நண்பர் கேட்டிருக்கிறார். "நீங்க காசு வாங்கிட்டுத்தானேப்பா சாமான் தர்றீங்க?" என்று பதில் வந்ததாம். கூட்டம் முடிந்து தேநீர் குடிக்கும்போது நண்பர் இதைச் சொல்ல, எல்லோரும் சிரித்தோம். வீட்டுக்குப் போன பிறகு சிரிப்பு வரவில்லை.

மருத்துவரும் கட்டணம் வாங்குகிறார். காவலரும் சம்பளம் வாங்குகிறார். வணிகன் வாங்கும் காசு மட்டும் குழந்தையின் கண்ணில் ஏன் உறுத்துகிறது? நாம் படித்த காலத்தை நினைத்துப் பார்த்தால் விடை கிடைக்கும். உழவர் பாட்டில் வந்தார், தபால்காரர் கதையில் வந்தார். கடைக்காரர் வந்ததெல்லாம் கணக்கில்தான். இத்தனை ரூபாய்க்கு வாங்கி இத்தனை ரூபாய்க்கு விற்றார், இலாபம் எவ்வளவு? 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து ஊரே கதவடைத்தபோது, குறித்த நேரத்தில் கடை திறந்து அரிசி பருப்பு கொடுத்தவர்களில் நாமும் உண்டு. இன்று முதல் வகுப்பில் இருக்கும் பிள்ளைகளுக்கு அந்த நாட்கள் நினைவிலேயே இருக்காது.

ஆகவே அந்தப் பாடத்தில் நமக்கும் இடம் வேண்டும் என்பது நமது கருத்து. இது புகழுக்காக அல்ல. எல்லாப் பாடத்தையும் ஒரே இடத்தில் வைத்துச் சொல்லித்தர மளிகைக் கடையைப் போல வேறொன்று உண்டா என்று ஆசிரியப் பெருமக்களையே கேட்கிறோம். காந்தியடிகள் 1937-ல் வார்தாவில் முன்வைத்த ஆதாரக் கல்வியின் அடிப்படையும், ஒரு தொழிலை நடுவில் வைத்து மற்றப் பாடங்களை அதனோடு சேர்த்துக் கற்பிப்பதுதானே! தமிழக அரசு 2022-ல் ஒன்று முதல் மூன்று வகுப்புகளுக்குக் கொண்டுவந்த 'எண்ணும் எழுத்தும்' திட்டமும் பாட்டு, கதை, செயல் வழியாகவே கற்பிக்கச் சொல்கிறது.

கணக்கை எடுத்துக்கொள்வோம். கிலோ 160 ரூபாய் என்றால் கால் கிலோ எவ்வளவு, 100 கிராம் எவ்வளவு? தராசின் முன் நின்ற பிள்ளைக்கு இது விளையாட்டு. பழைய படி ஒன்று கடை மூலையில் கிடந்தால் அதையும் எடுத்துக் காட்டலாம். இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு படி. பாதி, கால், அரைக்கால் எல்லாம் அதிலேயே இருக்கிறது. 1957-ல் அணா போய் நயா பைசா வந்தபோதும், அடுத்த சில ஆண்டுகளில் சேர் போய் கிலோ வந்தபோதும், ஊருக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்த வாத்தியார்களில் நம் அப்பாக்களும் தாத்தாக்களும் உண்டு.

தமிழுக்கு மளிகைச் சீட்டே போதும். உளுந்து, மிளகு, புளி, கொத்தமல்லி என்று ல, ள இரண்டும் அதில் இருக்கின்றன. 'வெல்லம் ஒரு கிலோ' என்பதற்கு 'வெள்ளம் ஒரு கிலோ' என்று எழுதிவந்தால் நாம் எங்கே போவது? அறிவியலுக்கு ஒரு கைப்பிடி பாசிப்பயறும் ஒரு கைப்பிடி பாசிப்பருப்பும் கொடுத்தனுப்பலாம். இரண்டையும் நனைத்து ஈரத் துணியில் கட்டி வைத்தால் பயறு முளைக்கும், உடைத்த பருப்பு முளைக்காது. ஏன் என்று பிள்ளைகளே கேட்பார்கள். உப்பு தூத்துக்குடியிலிருந்து, மஞ்சள் ஈரோட்டிலிருந்து, மிளகாய் குண்டூரிலிருந்து, துவரை குல்பர்கா பக்கத்திலிருந்து வருவதை வரைபடத்தில் காட்டலாம். ரசத்தில் போடும் பெருங்காயத்தின் பால் ஆப்கானிஸ்தானிலிருந்து வருகிறது என்றால் வாய் பிளப்பார்கள். கைப்பேசியில் அழுத்தினால் வாசலுக்குப் பொட்டலம் வரும் வீட்டுப் பிள்ளைக்கு இதெல்லாம் வேறெங்கும் தெரியப்போவதில்லை.

இனி நமக்குள் பேசிக்கொள்ள வேண்டிய சங்கதி. குழந்தை நம் கடைக்கு வந்தால் எதைப் பார்க்கும்? துண்டுச் சீட்டும் ரூபாயுமாக ஒரு சிறுவன் நிற்கும்போது, பின்னால் வந்த பெரியவர்களுக்கெல்லாம் போட்டுவிட்டுக் கடைசியில் அவனைக் கவனிக்கும் பழக்கம் நம்மில் பலருக்கு இருக்கிறது. எட்டு வயதில் அரை மணி நேரம் அப்படி நின்றவன் கடைக்காரரை உதவுவோர் பட்டியலில் எப்படிச் சேர்ப்பான்? மீதிச் சில்லறைக்கு மிட்டாயைக் கொடுத்து அனுப்புகிறோம். அதே மிட்டாயை அவன் காசாகத் திருப்பிக் கொடுத்தால் வாங்கிக்கொள்வோமா? சிகரெட்டும் புகையிலையும் 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கும், பள்ளியிலிருந்து 100 கெஜத்துக்குள்ளும் விற்கக் கூடாது என்று 2003-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. "அப்பா வாங்கிட்டு வரச் சொன்னார்" என்றால் கொடுத்துவிடுகிறோம். "காசு வாங்கிட்டுத்தானே" என்ற சொல் இங்கேயிருந்துதான் பிறக்கிறது என்று நமக்குத் தோன்றுகிறது. புத்தகத்தை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை.

அருகிலுள்ள தொடக்கப் பள்ளித் தலைமையாசிரியரை உறுப்பினர்கள் நேரில் சந்தித்து, ஒரு வகுப்புப் பிள்ளைகளைக் கடைக்கு அழைக்கலாம். பிற்பகல் மூன்று மணி வாக்கில் வியாபாரம் மந்தமாக இருக்கும், அந்த நேரம் தோதானது. பத்துப் பத்துப் பேராக வந்தால் போதும். எடைக்கல்லின் அடியில் ஈயத்தில் அடித்த அரசு முத்திரையைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். மின்னணுத் தராசு என்றால் இந்த ஆண்டு முத்திரையிட்ட சான்றிதழைக் காட்டுங்கள். (காலாவதியாகியிருந்தால் பிள்ளைகள் வருமுன் புதுப்பித்துவிடுவது நல்லது!) ஒவ்வொருவரும் தம் கையால் கால் கிலோ நிறுக்கட்டும். கடைப் பெயர் அச்சடித்த பை, விளம்பரத் தாள் எதுவும் கொடுத்தனுப்ப வேண்டாம். ஒரு பிடி பாசிப்பயறு போதும். நம் நண்பர் தம் மகளின் வகுப்பிலிருந்தே தொடங்குவதாகச் சொல்லியிருக்கிறார்.