நீங்க என்று கூப்பிட்ட மாதா

பன்னி மேய்ஞ்ச இடம் அது. லூர்து மாதா என்றதும் நம்ம சனங்களுக்கு வெள்ளை அங்கியும் நீலக் கச்சையும் சீரியல் பல்பும்தான் ஞாபகம் வரும். 1858-இல் மசபியேல் குகை அப்படியில்லை. ஊர்ப் பன்றிகளை ஓட்டிக்கொண்டு போகிற இடம். காவ் ஆறு அடித்துவரும் குப்பை ஒதுங்குகிற இடம். பிப்ரவரி 11 அன்று, சுள்ளி பொறுக்க அங்கே போன பதினான்கு வயசுப் பெண் பெர்னதெத் சுபிரு முன்னால்தான் மாதா வந்து நின்றாள் என்கிறது திருச்சபை.

பாரிசில் ஒரு கூட்டத்தில் பேசப் போனவன் நான். அம்மா தண்ணி கேட்டாளே என்று லூர்துக்கு ரயிலேறினேன். எனக்கு விசுவாசம் மிச்சமிருக்கிறதா என்று கேட்காதீர்கள், அது வேறு கதை.

குகையைவிட என்னை நிறுத்திவைத்தது ஊருக்குள் இருக்கும் 'கஷோ'. பழைய சிறைக்கொட்டடி. கைதிகளுக்கே ஆகாது, நோய் பிடிக்கும் என்று கைவிட்ட ஒற்றை அறை. ஏறக்குறைய நாலு மீட்டருக்கு நாலு மீட்டர்தான். அதில் அப்பன், ஆத்தா, நாலு பிள்ளைகள். அப்பன் மாவு ஆலை நடத்தி நொடித்துக் கூலியானவன். 1857-இல் ஒரு ரொட்டிக்கடைக்காரனிடம் இரண்டு மூட்டை மாவு களவு போனதும் போலீஸ் இவனைத்தான் பிடித்தது. கடைக்காரன் சொன்ன காரணம், இவனுடைய வறுமை. அவ்வளவுதான் சாட்சி! எங்க ஊரில் தேங்காய்க் குலை காணாமப் போனால் எந்தத் தெருவுக்கு முதலில் ஆள் வரும் என்று எனக்குத் தெரியும். அந்த அறையை விட்டு வெளியே வர எனக்கு நேரம் பிடித்தது.

முதல் இரண்டு காட்சியில் பேச்சில்லை. மூன்றாவது பிப்ரவரி 18. மாதா பேசியது பிரெஞ்சு அல்ல, படித்தவன் ஏளனம் பண்ணிய அந்த மலைநாட்டுப் பேச்சு. பதினைந்து நாள் இங்கே வந்துபோகத் தயவு பண்ணுவீங்களா என்று கேட்டாளாம். 'வா' இல்லை, 'வாடி' இல்லை. எழுத்துத் தெரியாத, பசியில் இளைத்த அந்தப் பிள்ளையை 'நீங்க' என்றாள். அதைத்தான் பெர்னதெத் பெரிய ஆச்சரியமாகச் சொன்னாள்.

ஊற்றுக் குழாய் வரிசையில் தமிழ் கேட்டது. நம்ம நாட்டு யாத்திரைக் கூட்டம். கூட்டிவந்தவர் ஒரு சாமியார். "நீங்க எந்தப் பங்கு?" என்றார். சொன்னேன். "அட, நம்ம பக்கம்! ஊர்ல எந்தத் தெரு?" அதையும் சொன்னேன். கொஞ்ச நேரம் குழாயையே பார்த்தார். அப்புறம் கேட்டார்: "நீ எப்படி இங்க வந்தே?"

சாமிமார்களே, ஊருக்கு ஊர் சிமெண்டில் பாறை செய்து கெபி கட்டுறீங்க. பிப்ரவரி 11-க்குக் கொடியேத்துறீங்க. தேர் எங்க தெருவுக்கு வருமா? செத்தால் ஒரே கல்லறைத் தோட்டமா? எறையூரில் தனிப் பங்கு கேட்டதற்காக 2008 மார்ச்சில் எங்க சனங்களை அடித்தார்கள். போலீஸ் சுட்டதில் செத்த இரண்டு பேரும் கிறிஸ்தவர்கள்தான். கிறிஸ்தவனானால் பட்டியல் சாதி உரிமை கிடையாது என்கிறது 1950 ஆணை. சாதி இருக்கிறது என்கிறது உங்க கோயில் பெஞ்சு. இரண்டு பேருக்கும் நடுவில் எங்களை நிறுத்திவிட்டு ஜெபமாலை சொல்லச் சொல்றீங்க. 2003-இல் இரண்டாம் ஜான் பால் போப்பாண்டவரே தமிழக ஆயர்களிடம் சாதிக்கு எதிராகப் பேசினார். எந்தப் பங்கில் எந்தச் சுவர் விழுந்தது?

1864-இல் அந்தக் குகையில் பளிங்குச் சிலை வைத்தபோது, இது அவள் இல்லை என்றாள் பெர்னதெத். அவள் கண்டது தன் உயரமே உள்ள ஒரு சின்னப் பெண்ணை. அந்தச் சிலைக்குத்தான் நீங்க நகல் எடுத்து எங்க தலைக்கு மேலே வச்சிருக்கீங்க.

எங்கம்மா முப்பது வருசமாகக் கோயில் கூட்டுகிறாள். அவளுக்கு வச்ச பேரே இந்த மாதா பேருதான். மகன் வயசுச் சாமியார் அவளை 'ஏ' என்றுதான் கூப்பிடுவார். தண்ணிப் பாட்டிலைக் கையில் கொடுத்து நடந்ததைச் சொன்னேன். பன்னிக்குத் தலையாட்டினாள், மாவு மூட்டைக்குப் பெருமூச்சு விட்டாள். பாட்டிலைத் திறக்காமல் மறுபடி மறுபடி அதையே கேட்டாள்:

"அந்தப் புள்ளயவா? நீங்கன்னா கூப்புட்டா?"