ஞாயிறு யாருக்கு?

சனிக்கிழமை மாலை, செங்கல்பட்டு மின்சார ரயிலிலே நிற்க இடமில்லை. எனினும் முகங்களிலே மலர்ச்சி! காரணம்? நாளை ஞாயிறு!

இந்த ஒரு நாள் யார் ஈந்தது? ஆண்டவன் அளித்த வரமா? ஆலை முதலாளி மனமிரங்கித் தந்த தானமா? இல்லை, தோழர்களே, இல்லை! ஜோதிராவ் பூலேயின் தோழர் நாராயண் மேகாஜி லோகண்டே, பம்பாய் ஆலைத் தொழிலாளரைத் திரட்டி ஆண்டுக்கணக்கில் போராடி, 1890-இல் வென்றெடுத்த உரிமை அது! 2023 ஏப்ரலில், 12 மணி நேர வேலைக்கு வழி திறந்த திருத்தம் நமது சட்டமன்றத்திலே நிறைவேறியபோதும் உழைப்போர் குமுறினர். மே நாளன்றே முதல்வர் அதைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார். குரல் எழுப்பியதால் காத்த உரிமை இது!

ஆனால், ஞாயிறன்று மாமல்லபுரத்தைப் பாருங்கள். கடற்கரைக் கோயிலைக் காண மக்கள் வெள்ளம்! நமக்கு ஓய்வு, நமக்குச் சோறு பரிமாறும் தம்பிக்கு? விடுதி அறையைப் பெருக்கும் தாய்க்கு? நமது விடுமுறை, அவர்களுக்கு இருமடங்கு வேலை!

கடைப் பணியாளருக்கு 1947-இலும், உணவக ஊழியருக்கு 1958-இலும் பிறந்த சட்டங்கள் வாரம் ஒரு நாள் ஓய்வை எழுதி வைத்தன. ஏட்டிலே இருக்கிறது, அவர்கள் வீட்டிலே இருக்கிறதா?

ஞாயிறு முடியாதா? செவ்வாய் கொடுங்கள்! சம்பளம் பிடிக்காமல் கொடுங்கள்! யாருக்கு எந்த நாள் என்று எழுதி, வாயிலிலே தொங்கவிடுங்கள்! தொழிலாளர் துறை அதைப் பார்த்துச் சரிபார்க்கட்டும்.

நாமும் இலை முன் அமரும்போது ஒரு வார்த்தை கேட்போம்: "உனக்கு எந்த நாள் ஓய்வு, தம்பி?"