இருட்டில் விரியும் கண்மணி

கண் சோதனைக்குப் போனால் டொக்டர் ஒரு சின்ன ரோச்சை எடுத்து இரண்டு கண்ணுக்கும் மாறி மாறி அடிப்பார். எங்கள் ஆட்கள் பலர் இதை ஒரு சடங்கு என்றே நினைக்கிறார்கள். ஒரு கண்ணில் வெளிச்சம் பட்டால் இரண்டு கண்மணியும் சேர்ந்து சுருங்க வேண்டும். ரோச் மாறும்போது ஒன்று சுருங்காமல் விரிந்தால் அந்தக் கண்ணின் நரம்பிலோ விழித்திரையிலோ பழுது இருக்கலாம்.

ஆனால் இருட்டில் கண்மணி என்ன செய்கிறது என்று ரோச்சால் பார்க்க முடியாது. அடித்த உடனே சுருங்கிவிடுமே! கள்ளனைப் பிடிக்க மேளம் அடித்துக்கொண்டு போன கதைதான்.

இருட்டை ஏன் பார்க்க வேண்டும்? கண்ணுக்குள் எந்நேரமும் ஒரு நீர் ஊறுகிறது. கதிராளியின் ஓரத்து மூலையில் அது வடியும் வாய்க்கால் உண்டு. கண்மணி விரியும்போது, இழுத்து ஒதுக்கிய யன்னல் சீலை போல, கதிராளி ஓரத்தில் குவியும். மூலை ஒடுக்கமான கண்ணில் அந்தக் குவியல் வாய்க்காலை அடைத்துவிடலாம். அமுக்கம் ஏறும், கண் சிவக்கும், தலை வெடிக்கும், சத்தி வரும், லைற்றைச் சுற்றி வளையம் தெரியும். உடனே பார்க்காவிட்டால் பார்வையே போகலாம். குளுக்கோமாவில் இது ஒரு வகை. பெண்களுக்கும் வயது கூடியவர்களுக்கும் ஆசிய நாட்டவருக்கும் ஆபத்து அதிகம்.

எங்கள் மாமிக்குப் பின்னேரங்களில் தலையிடி. ஒரு கிளினிக்கில் ஒற்றைத் தலைவலி என்று குளிசை கொடுத்து அனுப்பினார்கள். வளையம் தெரிவதை மாமி அங்கே சொல்லவேயில்லை. மொழிபெயர்த்தது பத்து வயதுப் பேரன். கிழவி தன் வருத்தத்தை அவனிடம் எப்படிச் சொல்லுவது?

பிறகு போன இடத்தில் ஓசிரி என்ற ஸ்கான் எடுத்தார்கள். கர்ப்பிணிகளுக்குச் சத்தத்தின் எதிரொலியால் படம் எடுப்பது போல, இது ஒளியால் எடுப்பது. 1991இல் மாசச்சூசெற்ஸ் எம்.ஐ.ரி.யில் டேவிட் ஹுவாங், ஜேம்ஸ் புஜிமோட்டோ குழுவினர் இதை வெளியிட்டார்கள். 1996இல் முதன்முதல் விற்பனைக்குக் கொண்டுவந்தது சான் லியாண்ட்ரோவில் இருந்த ஹம்ப்ரி கொம்பனி. நாங்கள் சிவ்ற்றுக்குப் போகிற 880 வீதியோரத்து ஊர்தான் அது!

கண்ணின் முன்பக்கத்தைப் பார்க்கும் ஸ்கானின் ஒளி கண்ணுக்குத் தெரியாது. ஆகவே கண்மணிக்கு விசயமே தெரியாமல், இருட்டில் விரிந்தபடியே பிடித்துவிடலாம். புதிய மெசின்கள் பாணை வெட்டுவது போலத் துண்டு துண்டாக எடுத்து, கொம்பியூட்டரில் அடுக்கி முழு உருவமாகக் காட்டும். சாதாரண தரத்தோடு பள்ளியை விட்ட எங்களுக்கு இதில் மிகவும் பிடித்தது ஒன்று: நல்ல கண்ணில் கதிராளி ஒதுங்கும்போது பஞ்சு போல நீரை விட்டுச் சிறுக்குமாம். ஆபத்தான கண்ணில் அது குறைவாம். இதையும் இந்த ஸ்கானில்தான் அளந்தார்கள்.

மாமிக்கு இரண்டு மூலையும் ஒடுக்கம். டொக்டர் கண்ணாடி வில்லை வைத்தும் பார்த்து உறுதிசெய்தார். லேசரால் கதிராளியில் ஒரு சின்னத் துவாரம். ஒரு கண்ணுக்குச் சில நிமிடம்தான்.

புதிதாக வந்தவர்களுக்கு: அரச உதவிப்பணம் பெறும் வைத்தியசாலைகள் மொழிபெயர்ப்பாளரை இலவசமாகத் தர வேண்டும். 1964ஆம் ஆண்டின் குடிசார் உரிமைகள் சட்டம் அதற்கு ஆதாரம். "தமிழ் இன்ரர்பிரட்டர்" என்று கேளுங்கள், பெரும்பாலும் தொலைபேசியில் வருவார். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புங்கள். மூலை ஒடுக்கம் என்று சொல்லப்பட்டவர்கள் தடிமன் குளிசை வாங்குமுன் மருந்துக் கடைக்காரரிடம் கேளுங்கள், சில குளிசைகளும் கண்மணியை விரிக்கும். சொட்டு மருந்து விட்ட அன்று கார் ஓட்ட வேறு ஆளைக் கூட்டிக்கொண்டு போங்கள்.