ஆராய்ச்சி மணி அடித்தால் அடியா?

பசுவும் இழுத்து முறையிட மணி கட்டினான் மனுநீதிச் சோழன் என்கிறது கதை. அமெரிக்க வெல்ஸ் பார்கோ வங்கியும் ஒரு மணி கட்டியது: முறைகேட்டைச் சொல்லத் தனித் தொலைபேசி! மேலாளர் ஒருவர், தம் கீழிருந்தோர் மோசடி செய்வதாக ஐயுற்று, அதில் சொன்னார், மேலிடத்திலும் சொன்னார். பரிசு? 2010-இல் வேலை நீக்கம்! வேறு வங்கியிலும் வேலை கிடைக்கவில்லை. 2017-இல்தான், மீண்டும் வேலை கொடு, 54 இலட்சம் டாலரும் கொடு என்று தொழிலாளர் துறை ஆணையிட்டது. வயிறு ஏழாண்டு காத்திருக்குமா?

2018-இல் அந்நாட்டு உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது: டாட்-பிராங்க் சட்டம் காப்பது, பங்குச் சந்தை ஆணையத்திடம் புகார் கொடுத்தவரைத்தான், முதலாளியிடம் மட்டும் சொன்னவரை அல்ல!

தோழர்களே, முதலாளி கையில் கயிறிருக்கும் மணியை மட்டும் நம்பாதீர்! புகாரை எழுத்தில் கொடுங்கள்; நகல் வையுங்கள்; அரசுத் துறைக்கும் அனுப்புங்கள். ஒற்றைக் குரலை நெரிப்பது எளிது; சங்கத்தின் குரலை நெரிப்பது அரிது!